உன் ஓ.டி.பி. என் போனுக்கு வருகிறது

கரமனை,
திருவனந்தபுரம்.
2.6.2025

அன்புள்ள ஆர்ஷாவுக்கு, ஷிஜு எழுதுவது.

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். பதினெட்டாம் தேதி வஞ்சியூர் கோர்ட்டில் நாம் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டிய விவாகரத்து ஒப்பந்தத்தில், பி.எஃப். பற்றிய பத்தி தப்பு. அதை எழுதியது நான். அப்படியே கையெழுத்துப் போட்டுவிடாதே. திருத்திய நகலை இதோடு வைத்திருக்கிறேன். நீ என் எண்ணை பிளாக் செய்திருப்பதால் பெங்களூர் ஹாஸ்டல் விலாசத்துக்கு ஸ்பீட் போஸ்டில் வருகிறது.

இதோடு நிறுத்தியிருக்கலாம். நீ எதையாவது சொல்ல ஆரம்பித்தால் 'முடிவை மட்டும் சொல்லு' என்று ஒன்பது வருஷம் வாயை அடைத்தவன் நான். இப்போது முடிவைச் சொல்லியாகிவிட்டது. ஆனால் பேனாவைக் கீழே வைக்க முடியவில்லை.

மே பதினொன்று, ஞாயிற்றுக்கிழமை. பட்டம் ஜங்ஷன் பக்கத்தில் ஒரு ஃப்ளாட்டில் லிஃப்ட் நின்றுபோய், அதைச் சரிசெய்ய மொட்டை மாடி மெஷின் ரூமில் இருந்தேன். காலை ஒன்பது நாற்பதுக்கு பி.எஃப். தளத்திலிருந்து ஒரு ஓ.டி.பி. வந்தது. நான் எதுவும் கேட்கவில்லை. ஐந்து நிமிஷத்தில் இன்னொன்று. பிறகு மூன்றாவது. அதற்குப் பிறகுதான் புரிந்தது. உன் கணக்கில் பதிந்திருப்பது என் மொபைல் எண். அன்றைக்குப் பணம் எடுக்க ஃபாரத்தை நிரப்பியது நான்தானே, என் எண்ணைப் போட்டுவிட்டேன். உன் புது லேபில் ஏதோ கேட்டிருப்பார்கள், நீ அங்கே உட்கார்ந்து அமுக்குகிறாய், இங்கே என் கையில் வருகிறது.

ஒரு உண்மையைச் சொல்கிறேன். நம் இரண்டு பேருக்கும் பொதுவான லாயருக்கு ஒரு போன் போட்டால் உனக்குத் தகவல் போயிருக்கும். போடவில்லை. நீ கேட்க வேண்டும் என்று இருந்தேன். கிரீஸ் கையோடு போனைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் அந்த ரூமில் நின்றேன். கீழே மக்கள் படியேறிக்கொண்டிருந்தார்கள். நீ கேட்கவில்லை.

அடுத்த வாரம் வலியசாலையில் லாயர் பஞ்சாபகேசன் சாரைப் பார்க்கப் போனேன். இரண்டு பேருடைய பி.எஃப். விவரத்தையும் பின்னிணைப்பாக வைக்க வேண்டும் என்று கேட்டார். என்னுடையதை அங்கேயே எடுத்துக் கொடுத்தேன்: பதினொரு லட்சத்து அறுபதாயிரம், பென்ஷனுக்குக் கணக்காகும் சர்வீஸ் பதிமூன்று வருஷம். உன்னுடையதையும் எடுத்தேன். நாலாவது ஓ.டி.பி. நான் போட்டது. பாஸ்வேர்டை நீ மாற்றவே இல்லை. அனுமதி இல்லாமல் நுழைந்தது தப்புதான், திட்டு.

பழைய லேபின் பாஸ்புக்கில் இருப்பு பூஜ்யம். பென்ஷன் சர்வீஸ் பூஜ்யம். ஒன்பது வருஷம் நாலு மாதம் பழவங்காடியில் அந்த லேபில் நின்று ரத்தம் எடுத்தவளுக்கு ஒரு வரிகூட மிச்சமில்லை.

சார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "அவரவர் பி.எஃப். அவரவருக்குன்னு நீர்தானே ஓய் எழுதிண்டு வந்தீர்? நல்ல நியாயம். சைபரை அவாளுக்கே முழுசாக் குடுத்துட்டீர்." குமாஸ்தா சிரித்துவிட்டான். எனக்கு ஆட்டோ பிடிக்கக்கூடத் தோன்றவில்லை. கரமனை வரை நடந்தேன்.

உனக்கு நினைவிருக்கும். எனக்கு நினைவில்லை என்றுதான் நீ நினைத்திருப்பாய். 2022 மே மாதம். என் அப்பா ஸ்ட்ரோக்கில் விழுந்து, அவரைப் பார்த்துக்கொள்ள நீ வேலையை விட்டு மூன்று மாதம் ஆகியிருந்தது. இந்த ஃப்ளாட்டுக்கு அட்வான்ஸ் கட்ட வேண்டும். உன் பி.எஃப். நாலு லட்சத்துச் சொச்சம் போதவில்லை, பென்ஷன் பணத்தையும் எடுத்தால் ஒன்றே கால் லட்சம் கூட வரும். இரண்டு வழி இருந்தது. பணமாக எடுக்கலாம், அல்லது சர்வீஸ் சர்டிஃபிகேட்டாக வாங்கிவைத்து அடுத்த வேலையில் சேர்த்துக்கொள்ளலாம். பத்து வருஷம் நிறைந்தால் ஐம்பத்தெட்டு வயதில் பென்ஷன் வரும். நீ அப்பாவுக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டே, அதை மட்டும் விட்டுவைக்கலாமா என்று கேட்டாய். நான் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமல், அம்பத்தெட்டு வயசுல வரப்போற மூவாயிரம் ரூபாய்க்கு இப்போ வீட்டை விடணுமா என்றேன்.

"அம்பத்தெட்டு வயசு எனக்கும் வருமில்லியா, சேட்டா?" என்று கேட்டாய்.

என் போனுக்கு ஓ.டி.பி. வந்துவிட்டது, அதை அடித்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பணத்தைத் தொடாமல் வைத்திருந்தால், பெங்களூரில் நீ வேலை பார்க்கும் ஒரு வருஷம் எட்டு மாதத்தையும் சேர்த்து, இந்த ஜூனில் உனக்குச் சரியாகப் பதினொரு வருஷம் ஆகியிருக்கும். இந்தக் கணக்கை நான் எத்தனை முறை போட்டுப் பார்த்தேன் என்று கேட்காதே. மாறவில்லை.

பி.எஃப். ஆபீசுக்கு மூன்று தடவை போனேன். எடுத்த பணத்தை வட்டியோடு கட்டுகிறேன், அவளுடைய சர்வீஸைத் திருப்பிக் கொடுங்கள் என்றேன். அதற்கு வழி கிடையாது என்று கவுண்டரில் இருந்த அம்மா மூன்று தடவையும் பொறுமையாகத்தான் சொன்னார். அப்படியானால் என் சர்வீஸிலிருந்து ஒன்பது வருஷத்தை வெட்டி அவள் பெயரில் போடுங்கள் என்று கத்தினேன். கியூவில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அது என்ன தேங்காயா, உடைத்துப் பாதி கொடுக்க என்றார் பின்னால் நின்ற ஒரு பெரியவர். நான் சிரிக்கவில்லை. என் பி.எஃப். பணத்தையும் உனக்கு மாற்றிக் கொடுக்க முடியாதாம். எதை எங்கே தொட்டாலும் பூட்டு. லிஃப்ட் பழுது அறிக்கையில் 'காரணம்: மனிதத் தவறு' என்று ஆயிரம் தடவை எழுதியிருக்கிறேன். ஒரு தடவைகூட அந்த மனிதன் நானாக இருந்ததில்லை.

இன்னொன்று. நீ அப்பாவைக் குளிப்பாட்டி, துணி மாற்றி, நடக்கப் பழக்கிய பதினெட்டு மாதமும் என் கணக்கில் மாதம் தவறாமல் பணம் ஏறியிருக்கிறது. பாஸ்புக்கில் ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன். அந்த வருஷம் ஒரு நாள்கூட லீவு எடுக்காததற்குக் கம்பெனி எனக்கு ஒரு சர்டிஃபிகேட் கொடுத்தது. அதைக் கண்ணாடி போட்டு ஹாலில் மாட்டினேன். அதற்கு நேர் கீழே உட்கார்ந்துதான் நீ அப்பாவின் துணிகளை மடிப்பாய். நேற்று அதைக் கழற்றினேன். சுவரில் ஆணி மட்டும் இருக்கிறது.

நீ லாயருக்கு அனுப்பிய மெயிலைப் படித்தேன். 'எனக்கு ஒன்றும் வேண்டாம், சீக்கிரம் முடித்துக் கொடுத்தால் போதும்.' ஆர்ஷா, தயவுசெய்து அப்படிச் சொல்லாதே. வேண்டாம் என்று சொல்வது சுலபம், சொல்லிவிட்டு முப்பது வருஷம் வாழ வேண்டுமே. நீ கொடுத்த அட்வான்ஸ் தொகையை மட்டும் திருப்பித் தந்துவிட்டு ஃப்ளாட்டை நான் வைத்துக்கொள்வதாகப் பழைய ஒப்பந்தத்தில் எழுதியிருந்தேன். இதை ஃபேர் என்று வேறு சொன்னேன். புதியதில் ஃப்ளாட் உன் பெயருக்கு வருகிறது. மிச்சம் பதினாலு லட்சம் லோனை நான் கட்டுவேன். வாடகைக்கு விடு, வில், பூட்டி வை. இது தானம் இல்லை, தண்டமும் இல்லை. ஐம்பத்தெட்டு வயது உனக்கும் வரும். அதற்கு இதைத் தவிர என்னிடம் எதுவும் இல்லை. நீ ஒத்துக்கொண்டு எழுதினால்தான் மாற்ற முடியும் என்கிறார் லாயர். இன்னும் பதினாறு நாள்தான் இருக்கிறது. எனக்குத் தூக்கம் போய்விட்டது.

அப்பாவிடம் சொன்னேன். இனி எங்கே இருப்பது என்று அவர் கேட்பார் என்று நினைத்தேன். "எழுதிக் குடுலே. நான் எங்கயும் கெடப்பேன். கையெழுத்து போட வரும்போ இங்க வந்து ஒரு சாயா குடிச்சிட்டுப் போவாளான்னு மட்டும் மோள்ட்ட கேளு" என்றார். கேட்டுவிட்டேன். அவரைக் காட்டி உன்னை இழுக்கிறேன் என்று நினைக்காதே. வலது கை இன்னும் சரியாக வரவில்லை, ஆனால் இப்போது சாயா அவரேதான் போடுகிறார். சீனி அதிகமாக இருக்கும்.

ஒப்பந்தத்தில் எழுத முடியாத ஒன்றும் இருக்கிறது. அதை எழுத எனக்கு உரிமையில்லை. 'முடிவை மட்டும் சொல்லு' என்று இனி உன்னிடம் கேட்கமாட்டேன் என்பது மட்டும் நிச்சயம். பதினெட்டாம் தேதி நீதிபதி உன்னிடம் சம்மதமா என்று கேட்கும்போது எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ள வேண்டுமோ எடுத்துக்கொள்.

இப்போதைக்கு ஒரே ஒரு காரியம் செய். வருகிற ஞாயிறு, எட்டாம் தேதி, காலை ஒன்பது நாற்பதுக்கு அந்தத் தளத்தில் மறுபடி அமுக்கு. ஓ.டி.பி. எனக்கு வரும். பத்து நிமிஷம்தான் அது செல்லும். அந்தப் பத்து நிமிஷத்துக்கு மட்டும் என் பிளாக்கை எடு. உடனே அனுப்புகிறேன், நீ உள்ளே போய் என் எண்ணை எடுத்துவிட்டு உன் எண்ணைப் போட்டுவிடு, பாஸ்வேர்டையும் மாற்று. பிறகு என்னை மறுபடி பிளாக் செய்துகொள். நான் எதுவும் கேட்கமாட்டேன். சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்கமாட்டேன்.

கர்த்தர் உன்னோடிருப்பாராக என்று எழுதச் சொல்லி அப்பா பக்கத்தில் நிற்கிறார். எழுதிவிட்டேன்.

லிஃப்ட் குழிக்குள் சிக்னல் கிடைக்காது. அதனால் அந்த ஞாயிறு வேலைக்கு வரமாட்டேன் என்று கம்பெனியில் சொல்லிவிட்டேன். லீவு எழுதிக் கொடுத்தாயிற்று.

இப்படிக்கு,
ஷிஜு