இசைத்தோணியை நிறுத்திய செய்தி

மட்டக்களப்பு

அன்பு மகன் நிதுர்ஷன் அறிவது,

நானும் அப்பாவும் சுகம், ரொறன்ரோக் குளிரில் உன் இருமல் குறைந்ததா என்பதுதான் எங்கள் கவலை. இதைப் போனில் சொன்னால் குறுக்கே பேசுவாய் என்று எழுதுகிறேன். நீ தொடங்கிய நம் ஊர் இசைச் சஞ்சிகையை, இசைத்தோணியை, நிறுத்திவிட்டேன். நாற்பத்தேழாவது இதழோடு சரி.

கோபப்படாமல் வாசி. எட்டு இதழ் போட்டுவிட்டு நீ வெளிநாடு போகும்போது, “ரெண்டு இதழ் மட்டும் பாத்துக்கொள்ளுங்கம்மா” என்றுதான் சொன்னாய். கணிதம் படிப்பித்த எனக்கு ராகமும் தெரியாது, தாளமும் தெரியாது. காத்தான்குடி அச்சகத்தில் உன் கூட்டாளி ஹில்மிதான் பக்கம் அமைக்கப் பழக்கினான். இரண்டு இதழ் என்றது பத்து வருடமாகிவிட்டது. சித்தாண்டித் திருவிழா இதழ் ஆயிரத்தைந்நூறு பிரதியும் மூன்றே நாளில் முடிந்தபோது நீ அங்கிருந்து எத்தனை பேருக்கு அட்டைப்படத்தை அனுப்பினாய்! பிறகு கடதாசித் தட்டுப்பாடு வந்து ஆறு மாதம் அச்சே இல்லை, திரும்பத் தொடங்கினால் வாசித்தவர்கள் எல்லாம் போனுக்குள் போய்விட்டார்கள். கடைசி இதழ் முந்நூறுதான் அடித்தோம், அதிலும் பாதி பஸ் நிலையக் கடையிலிருந்து கட்டுப் பிரிக்காமல் திரும்பி வந்தது. ஹில்மி பிளேன்டீ வாங்கித் தந்தான். “போதும் மனே, நிப்பாட்டுவம்” என்றேன். “நான் சொல்லுவன் எண்டு நீங்க இருந்தீங்க, நீங்க சொல்லுவீங்க எண்டு நான் இருந்தன் டீச்சர்” என்றான். இரண்டு பேருக்கும் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

அந்த இதழில் ஒரு பிழையும் விட்டுவிட்டேன். கரடியனாற்றில் உடுக்கடிக்கிற வல்லிபுரத்தின் படத்துக்குக் கீழே வேறொருவரின் பெயர். திருத்தம் போட இனி இதழ் ஏது? திரும்பி வந்த பிரதிகள் எல்லாவற்றிலும் பேனையால் பெயரைத் திருத்தி, ஒன்றை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிப் போய் மன்னிப்புக் கேட்டேன். மனிசன் படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, “பேர் பிழைச்சா என்ன டீச்சர், கை என்ட கைதானே” என்றார். பிறகு, “பத்து வரிசமா எங்களப்பத்தி எழுதுறீங்க, ஒருநாளாவது தாளத்தக் கையில எடுத்துப் பாத்தீங்களா?” என்று கேட்டு, அந்தச் சின்ன வெண்கலத் தாளச் சோடியை என் கையில் வைத்துவிட்டார். மூன்று தரம் பிசகிவிட்டது. அவரின் மருமகள்மார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். “கணக்கு எண்ணுறமாதிரி எண்ணாதீங்க, கேட்டு அடிங்க” என்றார். நாலாம் தரம் சரியாக வந்தது மகன். உடம்பெல்லாம் சிலிர்த்தது. இத்தனை இதழ் போட்டும் எனக்கு அது தெரியாமலிருந்ததே என்று வெட்கமாகவும் இருந்தது.

“நான் இருந்திருந்தால் நின்றிருக்காது” என்று உன்னையே நொந்துகொள்ளாதே, நீ இருந்திருந்தாலும் நின்றிருக்கும். ஆனால் நீ போகாமல் இருந்திருந்தால் இந்தப் பத்து வருடம் எனக்குக் கிடைத்திருக்காது. ஹில்மியோடு போனில் ஒருதரம் கதை, நீ என்ன சொல்வாயோ என்று அவன் பயந்துகொண்டிருக்கிறான். வேளைக்குச் சாப்பிடு, தலையைத் துவட்டாமல் வெளியே இறங்காதே. சித்தாண்டி முருகன் உன்னைக் காக்கட்டும், நோய்நொடியில்லாமல் நூறு வருடம் இரு.

ஒன்று மறந்துவிடாதே, இனிச் சனிக்கிழமை பின்னேரம் போன் எடுக்காதே. வல்லிபுரத்தின் ஆட்களோடு தாளம் போட நான் கரடியனாற்றுக்குப் போய்விடுவேன்.

உன்மேல் உயிரான அம்மா,
சீதேவிப்பிள்ளை