நான் சுருக்கிச் சொன்ன வலி

மிஷினிலிருந்து அப்போதுதான் எடுத்த ஜெராக்ஸ் தாளுக்கு ஒரு சூடு உண்டு, ஒரு மணமும் உண்டு. சென்ற வாரம் புதுக்கோட்டையில் டாக்டர்கள் கூட்டம் ஒன்றுக்குச் செய்தி எடுக்கப் போயிருந்தேன். வாசலில் நின்ற பெண் அந்தச் சூட்டோடு நான்கு பக்கத் தாளைக் கையில் கொடுத்தார். படிப்பதற்கு முன்பே நீங்கள் நினைவுக்கு வந்துவிட்டீர்கள். ஆவுடையார்கோவில் தாலுகா ஆபீசுக்கு எதிரே உங்கள் கடை. பட்டா நகலுக்கு நிற்கும் கூட்டம். ஒரு கையால் மிஷின் மூடியைத் தூக்கியபடி, இன்னொரு கையில் போனைப் பிடித்து எனக்குச் செய்தி சொல்லிக்கொண்டிருக்கும் நீங்கள்.

பிறகுதான் தாளைப் பார்த்தேன். எளிதில் தவறவிடக்கூடிய அறுவைச் சிகிச்சை நோய்கள் என்று தலைப்பு. கிராமங்களில் வேலை பார்க்கும் இளம் டாக்டர்களுக்கான வகுப்பு அது. பெண்கள் கூச்சத்தில் மறைத்துவைக்கும் தொடையிடுக்குக் குடலிறக்கம் பற்றி ஒருவர் பேசினார். அடுத்தது, குடலுக்குப் போகும் ரத்தக் குழாய் திடீரென்று அடைத்துக்கொள்வது. அதைப் பற்றிப் பேச மேடையேறியவர், இரண்டு வருடத்துக்கு முன் உங்களைப் பார்த்த அதே டாக்டர். நான் பேனாவை மூடிவிட்டேன்.

இருபத்திரண்டு வருடம் நீங்கள் எங்கள் பத்திரிகைக்கு ஆவுடையார்கோவில் நிருபர். கடை பிழைப்புக்கு, செய்தி ஆசைக்கு. உங்கள் செய்திகளை வெட்டிச் சுருக்கி அச்சுக்கு அனுப்புவது புதுக்கோட்டையில் என் வேலை. விபத்துச் செய்தி என்றால் அன்றைக்குக் காலையில் மேகம் போட்டிருந்ததிலிருந்து ஆரம்பிப்பீர்கள். "விஷயத்துக்கு வாங்க" என்பேன். "வந்துக்கிட்டேதான் சார் இருக்கேன். அறந்தாங்கி தாண்டிட்டேன்" என்பீர்கள், பஸ்ஸில் புதுக்கோட்டைக்கு வந்துகொண்டிருக்கிற ஆள் மாதிரி.

ஒருமுறை கண்மாய் உடைந்தபோது எட்டு நிமிடக் குரல் பதிவு அனுப்பினீர்கள். நான் மூன்று நிமிடத்தோடு நிறுத்திவிட்டேன். மடைச் சாவி வைத்திருந்தவர் கல்யாணத்துக்குப் போய்விட்டார், அதனால்தான் திறக்க முடியவில்லை என்று ஏழாவது நிமிடத்தில் சொல்லியிருக்கிறீர்கள். மறுநாள் அது இன்னொரு பத்திரிகையில் தலைப்பாக வந்தது. நீங்கள் கோபப்படவில்லை. "நம்ம ஏழாவது நிமிசத்தை அவன் எடுத்துக்கிட்டான், விடுங்க சார். ஒங்களுக்கு மூணுக்கு மேல செரிக்காது" என்றீர்கள். நானும் சிரித்தேன். சிரித்ததோடு சரி, என் பழக்கத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

அந்தக் காலை எனக்கு மணிக்கணக்கோடு நினைவிருக்கிறது. முந்தின நாள் உங்கள் பங்காளி வீட்டுக் கிடாவெட்டு. காலை ஏழரைக்கு உங்கள் மனைவி போன் செய்தார். "அண்ணே, இவருக்கு வயித்து வலி தாங்கலை. கார் புடிச்சு அங்கிட்டுத்தான் வாரோம். யாராச்சும் டாக்டர்கிட்ட சொல்லி வைங்க." அடுத்து நீங்கள் போனை வாங்கினீர்கள். மூச்சு வாங்கியது. ஆனாலும் உங்கள் வழக்கப்படி முதலிலிருந்து ஆரம்பித்தீர்கள். நானும் என் வழக்கப்படி நோட்டை இழுத்துக் குறித்துக்கொண்டேன். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. என் கையெழுத்தில் உங்கள் வார்த்தைகள்:

"ஆறு நாப்பது. கடை ஷட்டரைத் தூக்குறேன். சுவிட்ச் போட்ட மாதிரி வந்துச்சு. கொஞ்சம் கொஞ்சமா வரலை. அமுக்குனா கூடலை, உள்ளுக்குள்ள எங்கயோ. வாந்தி ஒண்ணு. ரெண்டு தடவை வெளிய போயிட்டேன், அதுக்கும் கொறையலை. பத்து நாளைக்கு முன்னாடி பல்லு புடுங்கினேன்ல, அதுக்காக நெஞ்சுக்குப் போடுற, ரத்தம் எளகுற மாத்திரையை நிறுத்தச் சொன்னாங்க. திரும்ப ஆரம்பிக்க மறந்துட்டேன் சார்."

உங்கள் இதயம் தாளம் தப்பித் துடிக்கும் என்பதும், அதற்காகத்தான் அந்த மாத்திரை என்பதும் எனக்குத் தெரியும். ரத்தம் கட்டி எங்காவது போய் அடைத்துக்கொள்ளாமல் காப்பது அதுதான். ஆனால் நெஞ்சு மாத்திரைக்கும் வயிற்று வலிக்கும் என்ன சம்பந்தம் என்று நானே முடிவு செய்துகொண்டேன். தெரிந்த டாக்டருக்குப் போன் செய்து நான் சொன்னது இவ்வளவுதான்: "நம்ம ஆவுடையார்கோவில் நிருபர். நேத்து கிடாவெட்டு விருந்து. காலையில இருந்து வயித்து வலி, வாந்தி, பேதி. கொஞ்சம் உடனே பாருங்க." முதல் பக்கத்தில் போடலாம் என்கிற அளவுக்குக் கச்சிதமாக இருந்தது.

நான் ஆஸ்பத்திரி வாசலில் காத்திருந்தேன். நீங்கள் வந்து இறங்கியதும் வரிசையில் நிற்காமல் உள்ளே அழைத்துப் போனார்கள். பத்திரிகைக்காரர் சொன்ன ஆள் அல்லவா? டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். "மெத்துன்னுதான் இருக்கு. பயப்பட ஒண்ணுமில்லை." நீங்கள் கட்டிலில் ஒருக்களிக்கவும் முடியாமல், உட்காரவும் முடியாமல், சட்டை முழுக்க வியர்வையோடு ஆரம்பித்தீர்கள். "டாக்டர், பத்து நாளைக்கு முன்னாடி பல்லு..." அவர் உங்கள் தோளில் தட்டினார். "சார் எல்லாம் சொல்லிட்டாருங்க. நீங்க பேசிச் சிரமப்படாதீங்க."

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் தலையாட்டினேன். எல்லாம் சொல்லிவிட்டேன் என்று அதற்கு அர்த்தம்.

டிரிப்ஸ் ஏறியது. வெளியே பெஞ்சில் உங்கள் மனைவி பயந்துபோய் உட்கார்ந்திருந்தார். அவருக்குத் தைரியம் சொல்வதாக நினைத்து, "செய்தி மாதிரிதாம்மா, வலியையும் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லுவாரு" என்றேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை வாங்கியதற்காக எனக்கு மன்னிப்பு உண்டா என்று தெரியவில்லை.

மதியத்துக்கு மேல் நீங்கள் அமைதியானீர்கள். வலி குறைந்துவிட்டது என்று நாங்கள் நினைத்தோம். குடல் செத்துக்கொண்டிருந்தது. சாயங்காலம் வயிறு உப்பியது. மூத்த அறுவைச் சிகிச்சை நிபுணர் ஒருவர் வந்து முதலில் உங்கள் கையைத்தான் பிடித்தார். "நாடி தாறுமாறா ஓடுதே. ரத்தம் எளகுறதுக்கு எதுவும் சாப்பிடுறாரா?" என்றார். உங்கள் மனைவி சொன்னார். அதன்பிறகு ஸ்கேன், ஆபரேஷன் தியேட்டர். திறந்து பார்த்து, செய்வதற்கு ஒன்றுமில்லை என்று மூடினார்கள். மறுநாள் காலை நீங்கள் இல்லை.

கூட்டத்தில் அந்த டாக்டர் உங்கள் பெயரையோ ஊரையோ சொல்லவில்லை. "வயிறு மெத்தென்று இருக்கிறது, ஆனால் ஆள் துடிக்கிறார். அந்த இரண்டும் பொருந்தவில்லை என்றால் நாடியைப் பாருங்கள். எந்த மாத்திரையை நிறுத்தினார் என்று அவரிடமே கேளுங்கள். முதல் சில மணி நேரம்தான் நம் கையில் இருக்கும். நான் கேட்கவில்லை" என்றார். ஒரு பத்திரிகைக்காரர் போன் செய்ததைப் பற்றி அவர் பேசவே இல்லை. முன்வரிசையில் பத்திரிகைக்காரர்களுக்குப் போட்ட நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன்.

டீ இடைவேளையில் அவரிடம் போனேன். மாத்திரை விஷயம் எனக்கு அன்றைக்கே தெரியும் என்றேன். அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "நீங்க டாக்டர் இல்லையே சார். கேட்க வேண்டியது நான்" என்றார். அது அவருடைய பெருந்தன்மை. நான் டாக்டர் இல்லைதான். ஆனால் முப்பது வருடமாக அடுத்தவர் சொன்னதைக் கேட்டு எடுத்துச் சொல்வதுதான் என் தொழில்.

ஞாயிற்றுக்கிழமை ஆவுடையார்கோவிலுக்குப் பஸ் ஏறினேன். உங்கள் கடையை இப்போது உங்கள் மனைவிதான் நடத்துகிறார்; அங்கேயே உட்கார்ந்தோம். உங்கள் மனைவி இந்த இரண்டு வருடமும் என்னைப் பார்க்கும்போதெல்லாம் நன்றிதான் சொல்லிக்கொண்டிருந்தார். "நீங்க மட்டும் போன் போடலைன்னா வரிசையிலயே கெடந்திருப்பாருண்ணே" என்பார். நான் மறுக்காமல் கேட்டுக்கொள்வேன். இந்த முறை அவர் அதை ஆரம்பிப்பதற்குள் நோட்டைப் பிரித்து வாசித்தேன். டாக்டரிடம் நான் சொன்னதையும் சொன்னேன். எதை விட்டேன் என்பதையும் சொன்னேன்.

அவர் அழவில்லை. கடை வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். எழுந்து போய் இரண்டு நகல் எடுத்துக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"இன்னொருக்கா படிங்கண்ணே" என்றார். படித்தேன்.

"கார்ல வர்றப்ப மாத்திரை விசயத்தை எங்கிட்டயும் சொன்னாரு. டாக்டர்கிட்டச் சொல்லணும்டின்னாரு. நீங்கதான் போன்லயே அண்ணன்கிட்டச் சொல்லிட்டீங்கள்ல, பேசாம வாங்கன்னு நாந்தான் அதட்டினேன்." முந்தானையால் மிஷின் கண்ணாடியைத் துடைத்தார். "அதுக்கு அவரு என்ன சொன்னாரு தெரியுமா? அந்த வலியிலயும் ஒரு சிரிப்பு. 'இத்தனை வருசத்துல இன்னைக்குத்தான்டி அந்த மனுசன் குறுக்க பேசாம முழுசாக் கேட்டாரு'ன்னாரு."

இதுவரை என் வேலைக்குக் கிடைத்த பாராட்டுகளில் பலவற்றை மறந்துவிட்டேன். இதை மட்டும் மறக்க முடியாது. முழுசாகத்தான் கேட்டேன். ஒரு சொல் விடாமல் எழுதியும் வைத்தேன்.