மலையிடுக்கு மூடியிருக்கு

அன்பு மகள் யெமினாவுக்கு அம்மா எழுதுவது. ஜெயபுராவில் நீயும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று கர்த்தரைக் கேட்டுக்கொண்டே எழுதுகிறேன், இங்கே சுகம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

சரக்கு விமானம் விழுந்ததைக் கேள்விப்பட்டிருப்பாய். கோயில் கூரைக்குத் தகரமும் அரிசியும் ஏற்றி வந்தது, ஓட்டி வந்தவன் நம் பெர்னி, இறங்கும்போதெல்லாம் கிழவி இன்னும் சாகலையா, கிழங்கு சுட்டு வச்சிருக்கியா என்று என்னைக் கேலி செய்கிறவன். அன்று காலை உன் அண்ணன் எலியப் வழக்கம்போல விமானத்தோடு பேசுகிற ரேடியோ முன்னால் உட்கார்ந்து, விமானம் நுழைகிற மலையிடுக்கைப் பார்த்துவிட்டு, மேகம் மூடுது, இப்ப வராதீங்க என்று சொல்ல வாயெடுத்தான். உன் பெரியப்பா மகன் ஓபெட் விட்டானா, போன ரெண்டு தடவையும் நீ இப்படிச் சொல்லித்தான் திருப்பி அனுப்பினே, திருவிழாவுக்குக் கூரைக்குப் பதிலா உன் தலையையா போடுறது என்று கத்தி மைக்கைப் பிடுங்கி, தெளிவா இருக்கு வாங்க என்று சொல்லிவிட்டான். உன் அப்பா சாவில் அறுத்த பன்றியில் தொடையைத் தான் வைத்துக்கொண்டு நமக்குக் குடலை அனுப்பியவன்தானே, நான் மறப்பேனா. மலைக்குப் பின்னால் விமானச் சத்தம் கேட்டது, அப்புறம் கேட்கவில்லை.

பெர்னியைப் பாயில் சுற்றித் தூக்கி வந்தார்கள். பெண்கள் எல்லோரும் சேறு பூசி அழுதோம். ஓபெட்டும் எல்லோருக்கும் முன்னால் நின்று அழுதான், அழுதுகொண்டே, வானம் பார்த்துச் சொல்றது ரேடியோக்காரன் வேலையில்லையா என்றான், ஊரும் தலையாட்டியது. ஏண்டா வாயில்லையா உனக்கு, பிடுங்கினது அவன்தானே என்று எலியப்பைக் கேட்டேன். திரும்பப் பிடுங்க எனக்கும் கை இருந்துச்சேம்மா என்றான், அதற்குப் பிறகு என்னோடு பேச்சே இல்லை, கிழங்கைப் பிட்டு வாயில் வைத்தாலும் துப்பிவிடுகிறான்.

ஞாயிறன்று சபை கூடி, இனி ரேடியோ ஓபெட்டிடம் இருக்கட்டும் என்று தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அது இருந்த பலகை முன்னால் உன் அண்ணன் விடியும்போதே உட்கார்ந்துவிடுகிறான், வெறும் கையை வாயருகே வைத்துக்கொண்டு, பெர்னி, மூடியிருக்கு, திரும்பிப் போ என்கிறான். வெளியே வெயில் பளீரென்று அடித்தாலும் அதேதான்.

அண்ணனைப் பார்க்க வருகிறேன் என்று சொல்லி அனுப்பினாயாம். விமானம் மறுபடி விடுவார்கள், நீ ஏறாதே. இங்கே தெளிவாக இருக்கிறது என்று இனி உங்களுக்குச் சொல்லப்போவது ஓபெட்தான். எலியப்புக்கு ஒன்று ஆனாலும், எனக்கு ஆனாலும், அங்கேயே உட்கார்ந்து அழு. வாமேனா பட்டணத்துக்கு நடந்து போகிற மெல்கியிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

கர்த்தர் உன்னையும் பிள்ளைகளையும் காக்கட்டும். எங்களுக்காக அவரிடம் கேட்பதை விட்டுவிட்டேன். நான் சொன்னதை மறந்துவிடாதே, ஏறாதே.

உன் அம்மா
தபிதா வெண்டா