மூன்று ஆட்டம் நிச்சயம்

ஏப்ரல் 7, செவ்வாய்

ஜெராக்ஸ் கடையில் இன்று கூட்டமில்லை. போனில் கால்பந்து உலகக் கோப்பையின் வரலாற்றைப் படித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முதலாளி இரண்டு தடவை முறைத்தார். முறைக்கட்டும்.

1934-இல் இத்தாலியில் எல்லாமே நாக்அவுட்டாம். பிரேசில் கப்பலேறிப் போய், ஒரே ஆட்டத்தில் தோற்று வெளியே வந்திருக்கிறது. பிரேசிலே! அடுத்த கோப்பையில் டச்சு கிழக்கிந்தியத் தீவுகள், அதாவது இன்றைய இந்தோனேசியா. ஆசியாவிலிருந்து போன முதல் அணி. அவர்களுக்கும் ஒரே ஆட்டம்தான். ஹங்கேரியிடம் ஆறு கோல் வாங்கியதோடு சரி.

எங்கள் கதை நினைவுக்கு வந்து சிரித்துவிட்டேன். பெரம்பலூர் பெண்கள் செவன்ஸ் அணி, அதாவது ஏழு பேர் ஆடும் கால்பந்து, கேப்டன் மணிமொழி - நான்தான். ஆறு வருடமாக மே மாதம் உடையார்பாளையம் போட்டிக்கு முதல் பஸ்ஸில் போகிறோம். பத்து மணிக்குள் தோற்று, அடுத்த பஸ்ஸில் திரும்புகிறோம். எங்களுக்குக் கப்பல் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஏப்ரல் 9

பாப்பாயி கடைக்கு வந்தாள். எங்கள் கோல்கீப்பர், எறையூர் ஆலைக்குக் கரும்பு வெட்டுகிறவள். வீட்டுக்காரருக்குத் திருப்பூரில் வேலை கிடைத்துவிட்டது, மே கடைசியில் குடும்பத்தோடு போகிறார்கள்.

"இதான்க்கா கடைசி. இந்த வாட்டியாச்சும் ரெண்டாவது ஆட்டம் ஒண்ணு ஆடிப் பாக்கணும்."

ஏப்ரல் 12, ஞாயிறு

உடையார்பாளையம் போய் அழகேசன் அண்ணனைப் பார்த்தேன். முந்திரி வியாபாரி, போட்டியை நடத்துகிறவர். எட்டு அணியை இரண்டு பிரிவாக்குங்கள், ஒவ்வொருவருக்கும் மூன்று ஆட்டம், பிரிவில் முதல் இரண்டு பேர் அரையிறுதிக்கு என்றேன்.

"தோத்தவங்களுக்கு எதுக்கும்மா இன்னொரு ஆட்டம்?"

"பிரேசிலுக்கே வேண்டியிருந்துச்சுண்ணே."

சிரித்துவிட்டு ஒத்துக்கொண்டார். என்ன அழகான ஏற்பாடு இது! தோற்றவர்களும் மறுநாள் காலையில் பூட்ஸ் மாட்டலாம். யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள், அவர்களுக்கு ஒரு கும்பிடு.

ஏப்ரல் 13

அட்டவணையை நானே தட்டச்சு செய்தேன். ஒன்றை மட்டும் காப்பியடிக்க முடியவில்லை.

1982-இல் அல்ஜீரியா தன் ஆட்டங்களை முடித்துவிட்டுக் காத்திருந்தது. மறுநாள் மேற்கு ஜெர்மனி ஒரு கோலில் ஜெயித்தால் ஆஸ்திரியாவும் சேர்ந்து உள்ளே போகலாம் என்ற நிலை. அந்த ஒரு கோல் விழுந்ததும் இரண்டு அணியும் பந்தைச் சும்மா உருட்டிப் பொழுதைக் கழித்தன. அல்ஜீரியா வெளியே. அடுத்த கோப்பையிலிருந்து பிரிவின் கடைசி இரண்டு ஆட்டமும் ஒரே நேரத்தில்தான். தப்பைப் பார்த்து விதியையே மாற்ற ஒரு மனசு வேண்டும்.

நமக்கு இருப்பது ஒரு மைதானம். ஒன்றன்பின் ஒன்றாகத்தான் ஆட வேண்டும். போகட்டும், நம் ஊர்ப் பெண்கள் அப்படியெல்லாம் செய்ய மாட்டார்கள்.

மே 2, சனி

எங்கள் பிரிவில் ஜெயங்கொண்டம், வேப்பந்தட்டை, உடையார்பாளையம்; ஜெயித்தால் மூன்று புள்ளி, டிராவுக்கு ஒன்று. ஜெயங்கொண்டத்துடன் 1-1. வேப்பந்தட்டையை 1-0 என்று ஜெயித்தோம். பாப்பாயி ஒரு பெனால்டியைப் பிடித்தாள். ஜெயித்தோம்! கால் வலி உயிர் போகிறது, தூக்கம் வரவில்லை.

மே 3, ஞாயிறு

எழுதப் பிடிக்கவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

காலையில் ஜெயங்கொண்டம் வேப்பந்தட்டையை மூன்று கோலில் ஜெயித்து, தன் மூன்று ஆட்டத்தையும் முடித்து, நாலு புள்ளியோடு வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டது. எங்களுக்கும், நேற்று ஜெயங்கொண்டத்தை ஜெயித்து வேப்பந்தட்டையோடு டிரா செய்த உடையார்பாளையத்துக்கும் நாலு நாலு. அடுத்தது எங்கள் இருவருக்கும் ஆட்டம். டிரா ஆனால் ஆளுக்கு ஐந்து, இரண்டு பேரும் அரையிறுதியில். யாராவது தோற்றால் அவர்கள் கோல் கணக்கில் ஜெயங்கொண்டத்துக்குப் பின்னால்.

உடையார்பாளையம் கேப்டன் வெற்றிச்செல்வி, பூட்ஸ் கயிறு கட்டுகிற சாக்கில் என் பக்கத்தில் குனிந்தாள்.

"அக்கா, ஜீரோ ஜீரோன்னா ரெண்டு பேருமே உள்ள. எதுக்கு வெயில்ல ஓடிக்கிட்டு?"

நான் முடியாது என்று சொல்லவில்லை. இங்கேயாவது உண்மையை எழுத வேண்டும். "பாக்கலாம்மா" என்றேன். பாப்பாயிக்கு இன்னொரு ஆட்டம் கிடைக்குமே என்று - பொய். எனக்கும்தான் ஆசை. அரையிறுதின்னா சும்மாவா?

எங்கள் ஆட்களிடம் வந்து சொன்னேன். பாப்பாயி கிளவுசை மாட்டிக்கொண்டே வேப்பமரத்தைப் பார்த்தாள்.

"அவளுங்க அங்க வேண்டிக்கிட்டு உக்காந்திருக்காளுங்க. நான் ஆடத்தான்க்கா வந்தேன். நீங்க பந்த உருட்டிக்கிட்டு இருந்தீங்கன்னா நான் வெளிய போயி நின்னுக்குவேன்."

இந்தப் போட்டி அவளுக்குத்தான் கடைசி. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. வெற்றிச்செல்வியிடம் போய், பாப்பாயி சொன்னதையும் இதுதான் அவளுக்குக் கடைசிப் போட்டி என்பதையும் சொல்லி, "ஆடிடலாம்மா" என்றேன். அவள் முகத்தைச் சுளித்தாள். ஆனால் விசில் அடித்த பிறகு பேய் மாதிரி ஆடினாள்.

முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது அவள் தரையோடு ஒன்று அடித்தாள். பாப்பாயி பாய்ந்தாள், விரல் பட்டது, பந்து உள்ளே போய்விட்டது. 0-1. ஜெயங்கொண்டம் அரையிறுதியில், நாங்கள் மூன்றாவது இடத்தில்.

பஸ்ஸில் பாப்பாயி அரியலூர் வரைக்கும் அழுதாள். ஆறு வருடமாக எனக்குப் பின்னால் நின்று விளையாடியவள் எப்பேர்ப்பட்டவள் என்று இன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

மே 31

பாப்பாயி திருப்பூருக்குப் பஸ் ஏறினாள்.

ஜூன் 14, ஞாயிறு

உலகக் கோப்பை தொடங்கிவிட்டது. இந்தத் தடவை நாற்பத்தெட்டு அணிகள், பன்னிரண்டு பிரிவுகள். பிரிவில் மூன்றாவதாக வந்தவர்களில் எட்டு அணிக்கும் அடுத்த சுற்றில் இடம் உண்டாம். கொஞ்சம் முன்னாடியே எங்களுக்கும் யாராவது யோசித்திருக்கலாம்.

மதியம் அழகேசன் அண்ணன் போன் செய்தார். அடுத்த வருடம் பள்ளிக்கூட மைதானத்தையும் கேட்டு வாங்கிவிட்டாராம். கடைசி ஆட்டங்கள் இரண்டு இடத்திலும் ஒரே நேரத்தில்.

"வெற்றிச்செல்வி எங்கிட்டயும் ஜெயங்கொண்டம் புள்ளைங்ககிட்டயும் நடந்ததை எல்லாம் சொல்லிடுச்சும்மா. ஆனா கடைசி ஆட்டத்த ஒரே நேரத்துல வையுங்கன்னு கேட்டது ஜெயங்கொண்டம் புள்ளைங்க."

"அவங்க எதுக்குண்ணே கேக்கறாங்க? அவங்கதான் உள்ள போயிட்டாங்களே."

"அதத்தான் நானும் கேட்டேன். 'அடுத்த வருசம் அந்தக் கோல்கீப்பர் அக்கா இருக்க மாட்டாங்களே'ங்குதுங்க."