வண்டிவூடு

நேற்று ஜீப்பைக் கழுவினேன். எஃப்.சி. எடுக்கக் கொண்டு போக வேண்டும். இடப்பக்கத்து மிதியடியைத் தூக்கி உதறியபோது சிமெண்டுத் தரையில் ஏதோ கிணுங்கியது. உன் கொண்டை ஊசி. ஒரு முனை துருப்பிடித்திருந்தது. உன் முடி ஒன்று அதில் சுற்றியிருந்தது. ஈரக் கையால் தொட்டால் முடி போய்விடுமோ என்று லுங்கியில் கையைத் துடைத்துக்கொண்டு, அதன் பிறகுதான் எடுத்தேன்.

உன் ஊர் மலையின் முதல் கொண்டை ஊசி வளைவில் தலையிலிருந்து ஒன்றை உருவி என் முகத்துக்கு நேரே நீட்டினாயே, அதுவாகத்தான் இருக்க வேண்டும். "இதாங்க எங்க ரோடு. போறதும் நேரு, வர்றதும் நேரு. நடுவுல வளையறதுதான் கஷ்டம்" என்றாய். நான் ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். சிரிக்க நேரமில்லை. இப்போது அந்தச் சிரிப்புக்கு நேரமிருக்கிறது. நீ இல்லை.

பாண்டிச்சேரியில் இரண்டாவது ஆபரேஷன் முடிந்து டாக்டர் நம்மை வீட்டுக்கு அனுப்பிய நாளை நினைத்துக்கொள்கிறேன். "கொஞ்ச நாளைக்கு மருந்து வேணாம், உடம்பு தேறட்டும்" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்கும் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது. பஸ் உளுந்தூர்பேட்டையைத் தாண்டியது. ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு நீதான் சொன்னாய்: "எனக்கு எங்க ஊரப் பாக்கணும்."

உன் ஊர் மலை மேல், வெள்ளிமலைக்கும் அப்பால். அந்த ஊரிலிருந்து படிக்கக் கீழே இறங்கிய முதல் பெண் நீ. டீச்சர் டிரெயினிங் முடித்துவிட்டு மேலே வந்து மலைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பாள் என்று உன் அப்பா ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். நீயோ கள்ளக்குறிச்சியிலேயே வேலை வாங்கி, சர்க்கரை ஆலையில் கரும்பு எடை போடும் கிளார்க்கான என்னைக் கட்டிக்கொண்டாய். தகவல் கேட்டு அவர் பஸ் ஏறி வந்தார். பஸ் ஸ்டாண்டிலேயே நின்று, "எறங்குனவ எறங்குனவளாவே இரு. என் வாசப்படிய மிதிக்காத" என்று சொல்லிவிட்டு, வந்த பஸ்ஸிலேயே திரும்பிப் போனார். இருபது வருஷத்துக்கு மேல் ஓடிப்போயிற்று. உன் அம்மா செத்த சேதிகூட எல்லாம் முடிந்த பிறகுதான் நமக்கு வந்தது.

அன்று பஸ்ஸில், உன் அப்பாவிடம் நான் போய்ப் பேசிப் பார்க்கிறேன் என்றேன். நீ மறுத்துத் தலையாட்டினாய்.

"வேணாங்க. அவரு சொன்ன சொல்லு அவருது. நான் மீற மாட்டேன். என் வாசப்படிய மிதிக்காதன்னுதான சொன்னாரு? உன் வூட்ட எடுத்துக்கினு வராதன்னு சொல்லலயே."

வேடிக்கைக்குச் சொல்கிறாய் என்றுதான் நினைத்தேன். வீடு வந்து சேர்வதற்குள் நீ பேச்சிலேயே அந்த வீட்டுக்கு ஜன்னல் வைத்து, கட்டில் போட்டு, மூலையில் மேல்நாட்டுக் கழிவறையும் வைத்துவிட்டாய். ஆபரேஷனுக்குப் பிறகு உன்னால் குத்த வைத்து உட்கார முடியாது. உன் ஊரில் உறவு வீடு எதிலும் உனக்கு ஒரு ராத்திரி தங்க வசதி இல்லை. வெள்ளிமலையில் ரூம் எடுக்கலாமே என்றால், "எங்கப்பா வூடு கண்ணுக்குத் தெரியற எடத்துல நான் காலைல முழிக்கணும்" என்றாய். சினிமாக்காரர்கள் கேரவன் என்று சொல்வதற்கு நீ வைத்த பெயர் வண்டிவூடு.

வீட்டை இழுக்க முதலில் ஒரு வண்டி வேண்டும். என் பைக்கைப் பார்க்கும் மெக்கானிக், டீசல்தான் சரி என்றார். "மெதுவாத்தான் இழுக்கும் சார், ஆனா புடிச்சா வுடாது. பழசு பாக்கப் போனா மட்டும் சொல்லாம போங்க. ஆறிப்போன இன்ஜின்தான் உண்மை பேசும்." எலவனாசூர்கோட்டையில் ஒரு மல்லாட்டை வியாபாரியிடம் ஒரு பழைய ஜீப் இருப்பதாகக் கேள்விப்பட்டோம். வெயிலில் நீ வர வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். கேட்டாயா?

போனதும் வியாபாரியிடம் ஒரு வணக்கத்தைப் போட்டுவிட்டு நேரே பானட்டின் மேல் உள்ளங்கையை வைத்தாய்.

"ஏங்க, நாங்க வர்றது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதேம்மா."

"அப்பறம் இன்னாத்துக்குச் சூடா கீது?"

அவர் வழிந்தார். காலையில் மார்க்கெட்டுக்குப் போய் வந்தேன் என்றார். சரி, ஆறட்டும் என்று நீ அவர் வீட்டுப் புளியமரத்தடியில் கடலை மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டாய். அவர் மனைவி மோர் கொண்டுவந்து கொடுத்தார். வண்டி ஆறும்வரை அந்த அம்மாவோடு மருமகள் கதையெல்லாம் பேசி முடித்தாய். பிறகு கிளப்பச் சொன்னாய். கொஞ்சம் முக்கி, வெள்ளைப் புகை தள்ளி, நின்று பிடித்தது. புகை தெளிந்தது. நீலம் இல்லை, கருப்பும் அதிகம் இல்லை. மெக்கானிக் சொல்லியிருந்தபடி ஆயில் மூடியைத் திறந்து பார்த்தேன். உள்ளிருந்து புகை தள்ளவில்லை, இன்ஜின் நல்லதுதான்.

"ரெண்டு பேருக்கு எதுக்கும்மா இம்மாம் பெரிய வண்டி?" என்று கேட்டார் வியாபாரி.

"வூட்ட இழுக்கணுங்க."

"வூட்ட இழுக்கறதா? அத நானும்தாம்மா இழுத்துக்கினு கீறேன், வண்டியே இல்லாம" என்றார் அவர். அவர் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு நீயும் சிரித்தாய். தையல் போட்ட இடம் வலித்திருக்கும். அப்படியும் நிறுத்தவில்லை. அந்தச் சிரிப்பைக் கேட்ட பிறகு வண்டி வேண்டாம் என்று சொல்ல என்னால் முடிந்திருக்காது.

கரும்பு டிரெய்லர் அடிக்கும் பட்டறையில்தான் வீட்டையும் கட்டினோம். அடியில் டிரெய்லர், மேலே தகரமும் பிளைவுட்டும். இதற்குப் போய்ப் பச்சை பெயிண்டா என்று பட்டறைக்காரர் கேட்டார். மலை பச்சைதானே, அங்கே போய் வேறாளாக நிற்கக் கூடாது என்றாய். வண்டிவூட்டைப் பதிவு செய்வதற்குள் அதைக் கட்டிய நாளைவிட அதிக நாள் ஆயிற்று. முதல் முறை தியாகதுருகம் சாலையில் இழுத்துப் பார்த்தபோது, வேகம் கூடியதும் பின்னால் வீடு வாலாட்ட ஆரம்பித்தது. ஜீப்பையே சேர்த்து ஆட்டியது. ஓரம் கட்டி நிறுத்தினேன். நீ இறங்கி ஒரு சுற்று சுற்றி வந்தாய்.

"தண்ணி டிரம்ம பின்னால வெச்சிக்கிறீங்களே. வெறகுக் கட்ட பின்னுக்குச் சாய்ச்சித் தூக்குனா ஆளையே ஆட்டும். முன்னாடி ஏத்துங்க."

ஏற்றினேன். ஆட்டம் நின்றது.

கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் உன் முகம் மாறியதை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே வந்தேன். பாதி மலையில் இன்ஜின் சூடு காட்டும் முள் மேலே ஏறியது. இன்ஜினை அணைக்காமல் ஓரமாக நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு, பானட்டைத் திறந்து விட்டேன். டீசல் வாடையும் காட்டு வாடையும் கலந்து அடித்தது. நீ கண்ணை மூடி மூச்சை இழுத்தாய். "எங்க ஊரு வாடை இன்னும் வரல. இன்னும் மேல" என்றாய்.

உன் ஊரில் பள்ளிக்கூடத்தை ஒட்டிய மேட்டில் நிறுத்திக்கொள்ள ஊர்க்காரர்கள் இடம் காட்டினார்கள். அங்கிருந்து ராகிக் கொல்லைக்கு அந்தப் பக்கம் உன் அப்பா வீடு தெரிந்தது. அவர் வெளியே வந்தார். இடுப்பில் கை வைத்துக்கொண்டு வண்டிவூட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். உள்ளே போய்விட்டார்.

உன்னோடு ஆடு மேய்த்த சிநேகிதிதான் முதலில் வந்தாள். வாசலில் நின்றுகொண்டு, "உள்ள வரலாமாடி?" என்று கேட்டாள்.

"எங்க வூட்டு வாசப்படிய யாரு வேணா மிதிக்கலாம்டி" என்றாய். குரல் அவளுக்காக மட்டும் எழவில்லை. கொல்லையைத் தாண்டிக் கேட்கிற குரல் அது.

அங்கே இருந்த நாளெல்லாம் உன் அப்பா நம்மைத் தாண்டித்தான் கொல்லைக்குப் போனார். வேறு வழியும் இருந்தது. உன் சிநேகிதி சொன்னாள், அதுதான் அவருக்குக் குறுக்கு வழி என்று. அப்படியும் இந்த வழியாகவே போனார், வந்தார். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. நீ படியில் உட்கார்ந்து ஒரு டம்ளர் டீயைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காத்திருப்பாய். அவர் தாண்டிப் போன பிறகு அந்த டீயை நீயே குடிப்பாய். "ஆறிப்போச்சிங்க" என்பாய். ராத்திரியில் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாய். நான் உன் முதுகைத் தடவிக் கொடுப்பேன். எலும்புதான் கைக்குத் தட்டும்.

மழை பிடித்துக்கொண்டது. உன் வலி மாத்திரையும் தீர்ந்துகொண்டு வந்தது. கிளம்புவதென்று முடிவு செய்தோம். வண்டியை எடுத்தால் வீட்டின் சக்கரம் சேற்றில் புதைந்துவிட்டது. ஜீப் உறுமுகிறது, வீடு நகரவில்லை. ஊர் ஆட்கள் ஓடி வந்து பின்னால் கை கொடுத்தார்கள். முதல் கியரில் போட்டு மெல்ல கிளட்சை விட்டபடி வலப்பக்கக் கண்ணாடியைப் பார்த்தேன். வீட்டின் பின்மூலையில், ஆட்களுக்கு நடுவில், தலையில் துண்டு கட்டி, தோளை முட்டுக்கொடுத்து, உன் அப்பா.

"ஏம்மா, உங்கப்பா தள்ளிக்கினு கீறாரு. எறங்குறியா?" என்றேன்.

நீ நேரே முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாய். முகம் முழுக்கக் கண்ணீர். அவர் ஓடி வரும்போதே உன் பக்கத்துக் கண்ணாடியில், எனக்கு முன்பே, பார்த்துவிட்டிருக்கிறாய்.

"எறங்க மாட்டேன். நான் எறங்குனா கைய எடுத்துடுவாரு. நீங்க ஓட்டுங்க." பிறகு என் கை மேல் கையை வைத்து, "மெதுவாங்க. இன்னும் கொஞ்சம் மெதுவா" என்றாய்.

சக்கரம் சேற்றை விட்டு ஏறிவிட்டது. எனக்குத் தெரிந்தது, தள்ளுகிறவர்களுக்கும் தெரிந்திருக்கும். ஒவ்வொருவராகக் கையை எடுத்துக்கொண்டு விலகி நின்றார்கள். அவர் மட்டும் விலகவில்லை. நானும் கிளட்சை முழுதாக விடவில்லை. தார் ரோடு வரும்வரை வண்டியை நடக்கிற வேகத்துக்கு மேல் விடாமல் பிடித்துக்கொண்டே போனேன். கிளட்ச் கருகுகிற வாடை வந்தது. வரட்டும் என்று விட்டுவிட்டேன். பின்னால் அவர் தன் மகளின் வீட்டைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

கீழே இறங்கும்போது, "எங்கப்பாவுக்குக் கையில இன்னும் பலம் கீதுங்க" என்று மட்டும் சொன்னாய். அடிவாரத்தில் அணை வந்ததும் தூங்கிவிட்டாய். அப்படி ஒரு தூக்கம் நீ தூங்கிப் பல மாதம் ஆகியிருந்தது.

தீபாவளி கழித்து மறுபடியும் போகலாம் என்று பேசி வைத்திருந்தோம். தீபாவளியை நீ பார்க்கவில்லை.

சேதி சொன்னதும் உன் அப்பா முதல் பஸ்ஸில் வந்துவிட்டார். உன் கால்மாட்டில் உட்கார்ந்தார். அழவில்லை. உன் கால் விரலைப் பிடித்து ஒவ்வொன்றாக நீவிக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து என்னிடம் வந்து, "எம் புள்ளைய மேல எடுத்துக்கினு போவணும். வுடுவீங்களா?" என்று கேட்டார். அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது. கையைக் கூப்பிக்கொண்டு கேட்டார். என் அண்ணன் குறுக்கே வந்தார். "இன்னாடா இது, நம்ம வூட்டுப் பொம்பளைக்கு நம்ம பக்கம்தான் செய்யணும்" என்றார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். உன்னிடம் கேட்டுக்கொண்டே எல்லாம் செய்து பழகியவன் நான். அன்று கேட்க ஆளில்லை. பஸ் ஜன்னலில் நெற்றியை வைத்துக்கொண்டு நீ சொன்னதைத்தான் நினைத்தேன். "எடுத்துக்கினு போவலாம் மாமா" என்றேன்.

வண்டிவூட்டைக் கழற்றி விட்டுவிட்டு ஜீப்பில்தான் கொண்டுபோனோம். உன் தலையை மடியில் வைத்துக்கொண்டு அவர் பின்னால் உட்கார்ந்து வந்தார். ஊரில் இறக்கியதும், அவர் வீட்டு வாசல் பந்தலிலேயே வைக்கலாம் என்று யாரோ சொன்னார்கள். அவர் கத்தினார்:

"அவ வூடுடா அது. உள்ள எடுத்துக்கினு வாங்க."

நீ மிதிக்கவில்லை. சொன்ன சொல்லை மீறவில்லை. உன்னைத் தூக்கிக்கொண்டு நாங்கள் அந்தப் படியை மிதித்தோம். உள்ளே உன் அம்மா படத்துக்குக் கீழே கிடத்தினோம். அப்போதுதான் அவர் தலையில் அடித்துக்கொண்டு விழுந்தார். அவரைத் தூக்க எனக்குத் தெம்பில்லை. நானும் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். இரண்டு பேரும் யாரை யார் பிடித்துக்கொண்டிருந்தோம் என்று தெரியவில்லை.

பிறகு வண்டிவூட்டை மேலே கொண்டுபோய் அவர் வீட்டுப் பக்கத்திலேயே நிறுத்திவிட்டேன். கீழே கண்ணெதிரே வைத்திருக்க என்னால் முடியவில்லை. சாயங்காலம் அவர் அதன் படியில் உட்கார்ந்திருப்பதாகச் சொல்கிறார்கள். மாதத்துக்கு ஒரு தடவை போகிறேன். அவருக்கு மூட்டுவலித் தைலம் வாங்கிக்கொண்டு போகிறேன். அவர் எனக்குத் தேன் கொடுத்து அனுப்புகிறார்.

திரும்பி வரும்போதுதான் தாங்க முடிவதில்லை. வெறும் ஜீப்புக்கு அந்த வளைவுகள் ஒன்றுமே இல்லை. ஒரு திருப்பில் போய்விடலாம். ஆனால் ஒவ்வொரு வளைவிலும் நீ ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிப் பின்னால் பார்த்து, "வூடு வரட்டும், வூடு வரட்டும்... வந்துடுச்சி, திருப்புங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தாயே, அது கையில் தங்கிவிட்டது. அகலமாகப் போய், நிதானித்து, பிறகுதான் ஸ்டியரிங்கை ஒடிக்கிறேன். போன வாரம் எதிரே வந்த பஸ் டிரைவர் நிறுத்தி, "பின்னால ஒண்ணுமில்லயே சார், இன்னாத்துக்கு இவ்ளோ எடம்?" என்று கேட்டார். ஒதுங்கி வழி விட்டேன். அவர் போன பிறகு, அடுத்த வளைவையும் அப்படியேதான் திரும்பினேன்.