மிச்ச நண்டு

புரட்டாதி, ஞாயிற்றுக்கிழமை

அரியாலை மீன்பிடிச் சனத்தோடை வைச்ச கூட்டம் முடிஞ்சுது. ஆராய்ச்சி செய்யிறவளுக்கு மேடைப் பேச்சு என்னத்துக்கு எண்டு எங்கடை துறைத் தலைவரோடை ரெண்டு மாதமாச் சண்டை பிடிச்சனான். இண்டைக்குப் போகாமல் விட்டிருந்தால்?

ஞாயிறு கடலுக்குப் போகாத நாள் எண்டபடியால் மண்டபம் நிறையச் சனம். கரைக்கு வாற நண்டை ரெண்டு வருசமா அளந்து பாத்தனான், கடல்நீரேரியிலை பெரிய நண்டு முடிஞ்சுபோச்சு எண்டு படம் போட்டுக் காட்டினன். வலையிலை நண்டு கழட்டுற ராணியக்கா எழும்பினா.

"எத்தினை மணிக்கு மிஸ் கரைக்கு வந்து அளக்கிறனியள்?"

"எட்டு மணிக்கு."

சனம் சிரிச்சுது.

"பெரிய நண்டெல்லாம் விடிய அஞ்சுக்கே நண்டு வாங்குற கொம்பனி லொறியிலை ஏறீடும். நாங்கள் கறிக்கு வைச்ச மிச்சத்தைத்தான் நீங்கள் அளந்திருக்கிறியள்."

எனக்குக் காது சுட்டுது. "உதை ஏன் அக்கா முந்தியே சொல்லேல்லை?"

"வருவியள், அளப்பியள், போவியள். எங்களோடை எப்ப கதைச்சனியள்?"

பிழை என்ரைதான் எண்டு எல்லாருக்கும் முன்னாலை சொன்னன். அதுக்குப் பிறகுதான் அந்தச் சனம் என்னோடை வடிவாக் கதைச்சுது.

நண்டுபிடியைக் கொஞ்சக் காலம் நிப்பாட்டச் சொல்லி நான் எழுதின அறிக்கை இன்னும் என்ரை மேசையிலைதான் கிடக்குது. புதன்கிழமை அனுப்ப இருந்தனான். நல்லகாலம். அதை நினைக்க நினைக்க மூச்சு லேசாகுது.

நாளைக்கு விடிய அஞ்சுக்கு முந்தி வரச் சொல்லி ராணியக்கா சொன்னவ. அளக்கிற அடிமட்டத்தோடை கதைக்கிற வாயையும் கொண்டுவரட்டாம்.