றாஹிலாவின் பொக்கற்

2025 ஜூன் 13, வெள்ளி

ஜும்ஆவுக்குப் பிறகு கல்முனைக்குப் போனேன். கலை விழாவுக்கு றாஸிக் சேர் நாடகம் போடுகிறார். பெயர் "றியால் றாஹிலா". எழுத்து, இயக்கம், இசை, ஒளி எல்லாம் அவர் என்று நோட்டீசில் இருக்கிறது. உடை என்ற சொல்லுக்குப் பக்கத்தில் மட்டும் புள்ளிகள். அந்தப் புள்ளிகள்தான் நான்.

சேரின் கழுத்தில் சால்வை. மின்விசிறி ஓடாத பாடசாலை மண்டபத்தில், இந்த வெக்கையில், சால்வை. வியர்வை துடைக்க வேறு ஒரு லேஞ்சி. கலைஞன் என்றால் கழுத்தில் ஏதாவது தொங்க வேண்டும் போல.

கதை இதுதான். மருதமுனைப் பெண் றாஹிலா சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போகிறாள். உடனே புருசன் கெட்டுப்போகிறான், பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள், கோழிகூட முட்டையிடுவதை நிறுத்திவிடுகிறது. பிறகு அவள் கறுப்புக் கண்ணாடியும் மினுங்கும் அபாயா அங்கியுமாக வந்து இறங்குகிறாள். அரைகுறை அரபு, அரைகுறை இங்கிலீஷ். வீட்டுக்குள் அபாயாவைக் கழற்றினால் உள்ளே இறுக்கமான ஜிகினாக் கவுன். ஓர் ஆட்டம். கடைசியில் அழுது மன்னிப்புக் கேட்கிறாள். யாரிடம் என்று எழுதவில்லை. எல்லாரிடமும் போலிருக்கிறது.

குடும்பப் பெண்கள் மேடை ஏறுவது நமது பழக்கமில்லை என்பதால் றாஹிலாவாக ஷிப்லி நானா. ஓட்டோ ஓட்டுபவர். வாயைத் திறந்தாலே ஆட்கள் சிரிப்பார்கள். அவர் வசனத்தை வாசித்தபோது மண்டபமே சிரித்தது.

நானும் சிரித்தேன். இதை எழுதாமல் விடலாமா என்று பார்த்தேன்.

உம்மா பதினொரு வருசம் றியாதில் வீட்டு வேலை செய்தா. வாப்பா மௌத்தாகி, அவரை அடக்கி நாலாம் மாதம் போனா. நான் கம்பஸ் போய்ப் பட்டம் எடுத்தது அந்தக் காசில்.

ஜூன் 15, ஞாயிறு

ஷிப்லி நானாவை நான் அளவெடுக்க முடியாது. அந்நிய ஆண். அவருடைய மனைவி பஸ்மிலா மதினி எங்கள் ஒழுங்கையில்தான் இருக்கிறா. அவவே அளந்து ஒரு துண்டில் எழுதி அனுப்பியிருந்தா: "நெஞ்சு ஒரு சாண் கூட." எதைவிடக் கூட? விளக்கம் கேட்டதும் ஆளே நேரில் வந்துவிட்டா.

"என்னகா, இதுக்குப் போய் மண்டைய உடைக்கிற? அவரும் உங்கட உம்மாவும் ஒரே உயரம், ஒரே ஒல்லி. உம்மாவ நிப்பாட்டி வெச்சித் தைங்க."

நான் நூல் வாங்கக் கடைக்குப் போய்த் திரும்பும்வரை அவவும் உம்மாவும் குசினியில் கதைத்துக்கொண்டிருந்தார்கள். பிறகு உம்மா வந்து கையை அகட்டி நின்றா.

"என்ன நாடகம் மகள்?"

"வெளிநாடு போன ஒரு பொம்புளைட கதை."

"நல்ல கதைதான். நானும் வாறன் பாக்க."

அல்லாஹ்வே.

பொய் சொல்லவில்லை நான். வெளிநாடு போன ஒரு பெண்ணின் கதைதான்.

ஜூன் 20, வெள்ளி

ஒப்பனைக்கு யதுசா வந்திருக்கிறாள். பாண்டிருப்புத் தமிழ்ப் பிள்ளை. கம்பஸில் என்னோடு படித்தவள். ஆண்களின் முகத்தைத் தொட்டுப் பூச அவளுக்கு அனுமதி. "உங்கட ஆக்களுக்கு நீ தொட்டாப் பாவம், நான் தொட்டா மேக்கப்" என்று என் காதுக்குள் சொன்னாள். சிரிப்பை அடக்க முக்காட்டை வாயில் வைத்துக்கொண்டேன்.

றாஸிக் சேர் இன்று எனக்குப் பாத்திர வார்ப்பு பற்றி வகுப்பெடுத்தார். முடிவில், "ஷிப்லிட்ட முதலே சொன்னதுதான், பஞ்சு வைக்கணும் பிள்ளை. முன்னுக்கும் பின்னுக்கும். தாராளமா. அங்க திண்டு கொழுத்து வாறவளுகள் தானே" என்றார்.

உம்மா வந்து இறங்கியபோது முப்பத்தெட்டுக் கிலோ. என்னை வளர்த்த சாச்சிக்கே, உம்மாவின் தங்கச்சிக்கே, அடையாளம் தெரியவில்லை.

இதை நான் சேரிடம் சொல்லியிருக்கலாம். "சரி சேர்" என்றேன். என் வாயில் எப்போதும் முதலில் நிற்பது அந்த இரண்டு சொல்தான்.

ஜூன் 22, ஞாயிறு

அபாயாவைப் பொருத்திப் பார்க்க உம்மாவுக்கு உடுத்தினேன்.

"இதென்ன இந்த மினுக்கம்? இது கலியாணத்துக்குப் போற மேடமாருக்கு."

"நீங்க அங்க உடுத்ததுதானே உம்மா? போட்டோவில இரிக்கே."

"போட்டோவுக்கு வேற ஆள்ட அபாயா. எனக்கு அது ஏர்போட்டுக்கு மட்டும்தான். போகக்குள்ள ஒரு நாள், வரக்குள்ள ஒரு நாள். மத்த நாளெல்லாம் யூனிபோம்."

வெளிறிய நீலமாம். வெள்ளைக் கொலர். ஆஸ்பத்திரித் தாதி மாதிரி, ஆனால் மரியாதை இல்லாத தாதி என்றா. முழங்கைக்கு மேலே சட்டைக் கை நிற்குமாம், பாத்திரம் கழுவ வசதியாக. நான் ஊசி குத்தும் இடத்தைப் பார்த்துக்கொண்டே உம்மா சொல்லிக்கொண்டு போனா.

"ரெண்டு பொக்கற் இரிக்கும். ஆனா கை போகாது. வாங்கி வந்த அண்டைக்கே மேடம் மூடித் தைச்சிருவா. போன் வெச்சிரக் கூடாதாம்."

"அப்ப போன்?"

"அரிசி வாளிக்குள்ள. மணி கேட்டாச் சோறாக்கப் போற மாதிரிப் போகணும். ஒரு நாளைக்கு எத்தின தரம் மகள் சோறாக்குற?"

உம்மா சிரிச்சா. என் வாயில் குண்டூசி இருந்தது. நான் அடுத்ததை எடுத்துக் குத்தினேன்.

சாச்சி வீட்டிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் நான் கோல் எடுப்பேன். அடித்து அடித்து நிற்கும். ஒன்பது பத்து வயதிருக்கும், கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதினேன்: உம்மாவுக்கு அங்கே வேறு மகள் இருக்கிறாள். விளையாட்டுக்கு எழுதல்ல. நம்பினன். பிறகு வந்து நிண்ட மனிசியோட எட்டு வருசமா அளந்து அளந்துதான் கதைச்சிருக்கிறன் — எல்லாம் எடுக்காமப் போன அந்த ரிங்குக்காக.

அது அரிசிக்குள்ள அடிச்சிருக்கி.

ஜூன் 23

நீலத் துணி வாங்கினேன். சேர் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

ஜூலை 4, வெள்ளி

யூனிபோமைச் சேருக்குக் காட்டினேன். இரண்டு நாள் மனப்பாடம் செய்த வசனத்தில் பாதிதான் வெளியே வந்தது. "சேர், அபாயாவுக்குள்ள கவுனுக்குப் பதிலா..."

தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "யாரு இது? ஆஸ்பத்திரி அற்றென்டனா?" சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். "பிள்ளை, நாடகம் வேற, உண்மை வேற. ஆக்கள் காசு குடுத்து வாறது உண்மையப் பாக்கவா?" நுழைவு இலவசம் என்று நோட்டீசில் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறது.

கவுனை அவரே கடைத்தெருவில் வாங்கி வந்துவிட்டார். இளஞ்சிவப்பு. தங்க ஜிகினா. அதைத் தெரிவு செய்ய எவ்வளவு நேரம் எடுத்திருப்பார், கடைக்காரரிடம் யாருக்கு என்று சொல்லியிருப்பார் என்று யோசித்ததில் இன்றைய நாள் கொஞ்சம் தேறியது.

ஜூலை 11, வெள்ளி

உம்மா விழாவுக்கென்று தலைக்குப் போடும் முந்தானை எடுத்து வைத்துவிட்டா. பயத்தில் சொன்னேன்: "இந்தமுறை பொம்புளைகளுக்கு இடமில்லையாம் உம்மா. ஆம்புளைகள் மட்டும்தானாம்."

"அப்பிடியா?" அவ்வளவுதான். மீன் வெட்டப் போயிட்டா.

அஸர் தொழுகைக்கு முன்னால் ஒழுங்கைக்குள் ஓட்டோ ஒன்று ஒலிபெருக்கியோடு வந்தது. "...தாய்மார்களுக்கும் சகோதரிகளுக்கும் திரையிட்ட தனி இடவசதி செய்யப்பட்டுள்ளது..." ஓட்டியவர் ஷிப்லி நானா. எங்கள் கேற்றடியில் நிறுத்தி இரண்டு தரம் சொன்னார்.

உம்மா கத்தியை நிறுத்தி, தலையைச் சரித்துக் கேட்டா. "இப்பதான் இடம் வெச்சிரிக்காங்க போல" என்றா.

பட்டம் எடுத்தவள். ஒரு பொய்யை ஒரு மணித்தியாலம் காப்பாற்றத் தெரியவில்லை.

ஜூலை 18, வெள்ளி

நாளைக்கு விழா. நடிகர்களின் உடைகளைப் பெயர் எழுதிய பைகளில் போடுவது என் வேலை. ஆண்கள் உடை மாற்றும் வகுப்பறைக்குள் நான் போக முடியாது. பையை யன்னல் கம்பிக்கு வெளியே வைத்துவிட்டு நகர வேண்டும். உள்ளே என்ன நடக்கிறது என்பதில் எனக்கு ஓர் அதிகாரமும் இல்லை. பைக்குள் என்ன இருக்கிறது என்பதில் மட்டும்தான்.

ஷிப்லி என்று எழுதிய பை. அபாயா வைத்தேன். கண்ணாடி வைத்தேன். நீலச் சட்டையை மடித்து வைத்தேன்.

கவுனை வைக்கவில்லை.

சேர் என்ன செய்வார்? இனி எந்த நாடகத்துக்கும் கூப்பிடமாட்டார். ஊரெல்லாம் சொல்வார். சொல்லட்டும். இல்லை, பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கவுனைப் போட்டு ஒருவர் குலுக்க, திரைக்குப் பின்னால் உம்மா முந்தானையோடு உட்கார்ந்திருப்பதை நினைத்தால் — அது இதைவிடப் பயம்.

ஜூலை 20, ஞாயிறு

நேற்று எழுத முடியவில்லை. இப்போது ஒழுங்காக எழுதுகிறேன்.

விழா நாலு மணிக்கு என்றார்கள். நாலரைவரை மாலைகள். மேடையில் நாடகத்தில் நடிப்பவர்களைவிட மாலை போட வந்தவர்கள் அதிகம். முன்னால் ஆண்கள், அவர்களுக்குப் பின்னால் குறுக்கே கட்டிய பச்சைத் திரை, திரைக்கு அப்பால் பெண்கள். திரையின் மேலால் எட்டி மேடையைப் பார்க்கும்படி உட்கார உயரமான வாங்கு போட்டிருந்தார்கள்.

யதுசா ஓடி வந்தாள். "அடியே, அந்த மனிசன் கவுன் எங்க எண்டு நிக்குது."

வகுப்பறை யன்னலடிக்குப் போனேன். உள்ளே பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். "நானா, கவுன் இல்ல. நீலத்தைப் போடுங்க."

"தங்கச்சி, இதுக்குள்ள பஞ்சு போகுதில்ல."

"போகாது நானா."

"அப்ப சிரிப்பு? சிரிக்காட்டி என்ட மானம் போயிரும் புள்ள. இதைப் போட்டுக்கொண்டு என்னத்தச் செய்ற?"

சுவரில் யாரோ பென்சிலால் பெருக்கல் வாய்ப்பாடு எழுதியிருந்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"போன் அடிக்கும். கை பொக்கற்றுக்குப் போகும். மூடித் தைச்சிரிக்கி, போகாது. பிறகு மேடையில இரிக்கிற அரிசிப் பானைக்குப் போங்க. போனை அங்கதான் ஒளிச்சி வெச்சிருந்த அவ. வீட்டுக்கு வந்திட்டா எண்டது அவவுக்கு மறந்து போச்சி."

"போன யாரு அடிக்கிற?" என்று மட்டும் கேட்டார்.

அபாயாவோடும் கண்ணாடியோடும் அவர் மேடைக்கு வந்ததும் ஆண்கள் விசிலடித்தார்கள். அபாயாவைக் கழற்றினார். நீலச் சட்டை, வெள்ளைக் கொலர், ஒல்லியான ஓர் ஆள். விசில் நின்றது. ஒரு மண்டபம் ஏமாறுகிற சத்தத்தை முதன்முதலில் கேட்டேன். ஓரத்துத் திரைச்சீலைக்குப் பின்னால் நான் கையைக் காட்டினேன். பக்கத்தில் நின்ற யதுசா தன் போனை அடிக்கவிட்டாள்.

ஷிப்லி நானாவின் கை பொக்கற்றுக்குப் போனது. வழுக்கியது. மறுபடி போனது. வழுக்கியது. மற்றப் பக்கப் பொக்கற். அதுவும்.

பச்சைத் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்பு. ஒரே ஒரு பெண். பிறகு இன்னொருத்தி. பிறகு அந்தப் பக்கமே.

சிரிப்பு எங்கிருந்து வருகிறது என்று ஷிப்லி நானாவுக்கு மூக்கிலேயே மணக்கும். சுற்றிப் பார்த்தார், பதுங்கினார், பானைக்குள் தலையை விட்டு, "ஹலோ, மகள், சோறு வேகுது, கெதியாக் கதைங்க" என்றார். அது நான் சொல்லிக் கொடுத்ததில்லை. பெண்கள் பக்கம் வாங்கு ஒன்று சரிந்தது. ஆண்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். தங்களுக்கு விளங்காத ஒன்றுக்குப் பெண்கள் இப்படிச் சிரிப்பதை அவர்கள் முன்பு கேட்டதில்லை. மன்னிப்புக் காட்சி வந்தது, போனது. ஒருவர் காதிலும் விழவில்லை.

முதலில் சிரித்தது உம்மா. அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும்.

றாஸிக் சேர் மேடைக்குப் பின்னால் சால்வையைக் கையில் முறுக்கிக்கொண்டு நின்றார். "யாரு இத மாத்தின? பொம்புளைகள் என்னத்துக்குச் சிரிச்ச?" என் வாயில் "சரி சேர்" வரவில்லை. "நான்தான் சேர்" வந்தது. அவர் அடுத்த வசனத்தை எடுப்பதற்குள் பிரதம அதிதி ஒலிவாங்கியில் இயக்குநரைப் பாராட்டத் தொடங்கிவிட்டார்: பெண்களின் வாழ்வை இவ்வளவு நுணுக்கமாக... சால்வை உடனே கழுத்துக்குப் போனது. சேர் மேடையேறி, ஆறு மாதம் கள ஆய்வு செய்ததாகச் சொன்னார்.

நோட்டீசில் புள்ளிகள் அப்படியே இருந்தன.

ஜூலை 21, திங்கள்

உம்மா கீரை ஆய்ந்துகொண்டே கேட்டா: "பஞ்ச என்ன செஞ்ச?"

"எந்தப் பஞ்சு?"

"முன்னுக்கும் பின்னுக்கும் வெக்கச் சொன்ன பஞ்சு. கவுன், ஆட்டம் எல்லாம் பஸ்மிலா முதல் நாளே சொன்னாவே. நீ நூல் வாங்கப் போன நேரம். அவதான் புருசனப் போட்டு ஏசிப்போட்டு வந்தவ."

முதல் நாளே. ஒரு மாதத்துக்கு மேல் தெரிந்துகொண்டு கையை அகட்டி நின்றிருக்கிறா. பஞ்சும் கவுனும் தனக்கென்று தெரிந்துகொண்டு.

"அப்ப ஏன் உம்மா வந்து நிண்டீங்க?"

"ஒல்லியா இரிக்கிறவள நிப்பாட்டித் தைச்சாச் சட்டையும் ஒல்லியாத்தானே வரும்."

பொக்கற் கதையும் அப்படி வேண்டுமென்றேதான் சொன்னீங்களா என்றேன். கீரையிலிருந்து தலை நிமிரவில்லை.

"நீ கேட்டாய், சொன்னன். எட்டு வருசமா நீ ஒண்டும் கேக்கல்லையே மகள்."

முதல் நாள் நானும் சிரித்ததைச் சொன்னேன். அதுவும் பஸ்மிலா சொல்லித் தெரியுமாம். பொம்புளைகளுக்கு இடமில்லை என்றது பொய்யென்றும் அப்போதே தெரியுமாம்: பொய் சொல்லும்போது நான் அளவு நாடாவை விரலில் சுற்றிச் சுற்றி வைப்பேனாம்.

இந்தக் கொப்பி முழுக்க நான் மற்றவர்களைக் கவனித்ததாக எழுதி வைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 9, சனி

நாடகம் பார்த்த பெண்கள், வெளிநாட்டில் வீட்டு வேலை செய்தவர்கள், காலையில் நாலு பேர் வந்துவிட்டார்கள். போன கிழமை இரண்டு பேர். எல்லாருக்கும் என் சட்டையில் குறை. கொலர் பிழை என்றா ஒருத்தி, குவைத்தில் அப்படி வராதாம். நற்பிட்டிமுனை பூமணி அக்கா லெபனானில் இருந்தவ. "நீ தைச்சது கையா தங்கச்சி இது? இந்தக் கையோட ஒரு நாளைக்கு ஒரு கோப்பை கழுவேலாது" என்று என் சட்டையைத் தூக்கிப் போட்டா. "படிச்ச புள்ள எண்டு சொன்னாங்க."

"எழுதிக்கொள்" என்றா உம்மா.

எழுதினேன். போன் ஒளித்த இடங்கள் மட்டும் இதுவரை பதினாறு. இரண்டு பேர் ஒருவர் சொன்னதை மற்றவர் பொய் என்று சண்டை பிடித்தார்கள். ஒரு கதையில் பூமணி அக்கா நடுவில் நிறுத்திவிட்டா. அதை யாரும் தொடரச் சொல்லவில்லை. அந்த இடத்தில் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

அப்போது என் போன் அடித்தது. றாஸிக் சேர். அடுத்த நாடகத்துக்காகத்தான் இருக்கும். என் கையில் பேனையும் பூமணி அக்காவின் முழங்கையைச் சுற்றிய நாடாவும் இருந்தன. உம்மா எடுத்தா.

"மகள் வேலையில இரிக்கா. முடிஞ்சாப் பிறகு அவவே எடுப்பா" என்று சொல்லி வைத்துவிட்டு, தேத்தண்ணிக்குச் சீனி போதுமா என்று எல்லாரையும் கேட்டா.